கால் மட்டும் உறங்கிய கதை

அறுவை மருத்துவத்தின் வரலாறு, வலியோடு மனிதன் நடத்திய நெடும்போரின் வரலாறாகும். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயாளியை உறங்கச் செய்து அறுவை நிகழ்த்தியபோது, அப்போர் முடிந்ததெனப் பலர் மகிழ்ந்தனர். ஆயினும் ஈதரும், மறு ஆண்டில் வந்த குளோரோபாமும் எல்லாரையும் காக்கவில்லை. வலியைப் போக்க வந்த மருந்தே நலிந்த உடலினர் சிலருக்குக் கூற்றுவனாயிற்று.

உடல் முழுவதையும் உறங்க வைக்காமல், அறுக்கும் உறுப்பை மட்டும் மரக்கச் செய்ய இயலாதா? 1884இல் வியன்னா மருத்துவர் கார்ல் கோலர், கொக்கேயின் கரைசலால் கண்ணை மட்டும் மரக்கச் செய்து வழிகாட்டினார். அவ்வழியே மேலும் சென்றவர் ஜெர்மானியரான ஆகஸ்ட் பியர்.

1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், கீல் நகரில் 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு அவர் அறுவை செய்தார். அத்தொழிலாளியின் கணுக்கால் மூட்டைக் காசநோய் பற்றியிருந்தது. முன்பு பெற்ற முழு மயக்கங்களால் அவர் பெரிதும் துன்புற்றிருந்தார். ஆகவே பியர் அவருடைய கீழ்முதுகில் ஊசி செலுத்தி, தண்டுவட நீரில் 15 மில்லிகிராம் கொக்கேயினைச் சேர்த்தார். அறுவையின்போது வலி தோன்றவில்லை. பின்னரோ தலைவலியும் வாந்தியும் வந்தன.

அத்துன்பத்தின் காரணத்தை அறிய, எட்டு நாள் கழித்துப் பியர் தம் உடலையே சோதனைக் களமாக்கினார். ஊசியும் மருந்துக்குழலும் பொருந்தாமையால் தண்டுவட நீர் வீணே ஒழுகியது. பின்னர் உதவியாளர் ஹில்டபிராண்டு தம் உடலைத் தந்தார். அவருடைய முன்காலெலும்பில் இரும்புச் சுத்தியால் அடித்தும் வலி தெரியவில்லை! பியரோ கடுந்தலைவலியால் ஒன்பது நாள் படுக்கையிற் கிடந்தார். நற்பயனோடு தீப்பயனையும் மறைக்காது 1899இல் எழுதி வெளியிட்டமை அவரது பெருமை.

கொக்கேயினின் நச்சுத்தன்மை கருதி வேறு மருந்துகள் தேடப்பட்டன. 1905இல் நொவோகேயின் வழக்கிற்கு வந்தது; 1943இல் சுவீடனில் லிடோகேயின் உருவாக்கப்பட்டது. ஆனால் தண்டுவட ஊசி இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தக்கூடியது. நலிந்த இதயம் அதனைத் தாங்குவது அரிது. எனவே மருத்துவர் கணுக்காலை நாடினர். பாதத்திற்கு உணர்வூட்டும் நரம்புகள் ஐந்து. அவற்றுள் நான்கு, தொடையின் பின்புறம் இறங்கும் பெருநரம்பின் கிளைகள். எஞ்சியது முன்தொடை நரம்பின் கிளை. இவ்வைந்தையும் கணுக்காலைச் சுற்றி மரக்கச் செய்தால் பாதம் மட்டும் உறங்கும். இதயமும் மூச்சும் பெரிதும் அசைவுறா. இன்று ஒலியலைக் கருவி நரம்பையும் ஊசியையும் திரையிற் காட்டுகிறது.

நீரிழிவால் பாதம் அழுகி, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த முதியவர் இன்று அறுவை மேசையில் விழித்தபடியே மருத்துவரோடு உரையாட இயல்கிறது. அன்று கீல் நகரத் தொழிலாளியின் துன்பத்தைச் செவிமடுத்த கருணையே இக்கலையின் வித்து.