இரத்த நோயாளிகளில் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று

இரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் பெரியவர்களின் நுரையீரல், சைனஸ், மூளை, இரத்தம் ஆகியவற்றுக்குள் பூஞ்சை புகுந்து திசுக்களை அழிக்கும் நோய். கீமோதெரபியால் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கி, 10 நாளுக்கு மேல் ஏறாமலே இருந்தால் ஆபத்து மிகும். மக்கும் சருகிலிருந்தும் கட்டுமானத் தூசியிலிருந்தும் எழும் பூஞ்சை வித்துகளை எல்லோருமே சுவாசிக்கிறார்கள். வெள்ளணு குறைந்தவருக்கோ அவை எமனாகக்கூடும்.

ஆன்டிபயாடிக் கொடுத்தும் நான்கைந்து நாளாகக் காய்ச்சல் விடாவிட்டால் நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையைக் கண்டறிய கேலக்டோமனான் இரத்தப் பரிசோதனை உதவும். ஆனால் மியூகார் என்னும் பூஞ்சை அதில் தெரியாது. இந்திய மருத்துவர்கள் மறக்கக் கூடாத இடம் இது. உலகின் பிற பகுதிகளைவிட இங்கே மியூகார் பல மடங்கு அதிகம். 2021-இல் 'கருப்புப் பூஞ்சை' என்று பேசப்பட்டதும் அதுவே. அவ்வாண்டு மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. அப்போது பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் நீரிழிவுக்காரர்கள். மூக்கு, கண் வழியே நோய் பரவியது. இரத்தப் புற்றுநோயாளிகளிடம் அது நுரையீரலையே அதிகம் தாக்குகிறது.

ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்து வோரிகோனசோல். 2002-இல் வெளியான ஒப்பீட்டாய்வில் அதைப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினரும், பழைய ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 58 விழுக்காட்டினரும் 12 வாரம் கடந்து உயிரோடிருந்தனர். வோரிகோனசோல் மியூகாரைத் தொடாது. அதற்கு லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை வேண்டும். முடிந்தால் அழுகிய திசுவை அறுவைச் சிகிச்சையில் அகற்றவும் வேண்டும். எந்தப் பூஞ்சை என்று தெரியாத நிலையில், மியூகார் இருக்கக்கூடும் என்றால் ஆம்போடெரிசினில் தொடங்குவதே இங்கே பாதுகாப்பு. ஆம்போடெரிசின் தரும்போது சிறுநீரகமும் பொட்டாசியம் அளவும் அன்றாடக் கவனிப்பில் இருக்கவேண்டும். இரத்தத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சை வளர்ந்தால் காஸ்போஃபஞ்சின் வகை மருந்து. நரம்பில் செருகிய கதீட்டரையும் எடுத்துவிடுவர்.

தீவிர மைலாய்டு லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் பொசகோனசோல் முன்தடுப்பு பயன்தரும் என்று 2007 ஆய்வு காட்டியது. வோரிகோனசோல், பொசகோனசோல் போன்றவை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டும். இவற்றோடு தரும்போது வெனிட்டோகிளாக்ஸ் என்ற புற்றுநோய் மருந்தின் அளவையும் குறைக்கவேண்டிவரும்.

ஆஸ்பர்ஜில்லஸுக்குச் சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரம் நீளும். அடுத்த கீமோவோ, எலும்பு மஜ்ஜை மாற்றோ வந்தால், பூஞ்சை மருந்தை மீண்டும் தொடர்கிறார்கள்.