கண்டிக் கடைகளின் கெமராவும் வாக்காளர் இடாப்பும்

கொட்டுகொடல்ல வீதியில் ஒருநாள் கடைக்குள் பார்க்காமல் கடைக்கு மேலே பார்த்துக்கொண்டு நடந்து பாருங்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே, ஷட்டருக்குப் பக்கத்தில், வயர் தொங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் கெமரா இருக்கும். சில கடைகளில் நாலு. இது கடையோடு நிற்கவும் இல்லை. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, திகன என்று வீட்டு வாசல்களுக்கும் வந்துவிட்டது. கட்டாரில் வேலை செய்கிற மகன் அங்கிருந்தே போனில் முற்றத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, கேட் திறந்து கிடக்கு" என்கிறான்.

இணையத்தோடு இணைந்த வீட்டுச் சாமான்களின் ஆபத்தைப் பற்றி வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் பேசும் பூட்டு, பேசும் பல்பு என்று பணக்கார வீட்டு விஷயங்களிலேயே நிற்கின்றன. 'ஆடம்பரத்தைக் குறையுங்கள்' என்று அறிவுரையும் சொல்கின்றன. எங்கள் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே கெமரா ஆடம்பரத்தால் வரவில்லை. பயத்தால் வந்தது. அந்தப் பயத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

1915 மே மாதம், வெசாக் இரவில், இதே நகரத்தின் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மூண்ட கலவரம் தீவின் பல மாகாணங்களுக்குப் பரவியது. 1983 ஜூலை 26 பிற்பகலில் பேராதனை வீதியில் தமிழரின் கடைகள் எரியத் தொடங்கி, நகரின் மற்ற வீதிகளுக்கும் தீ போனது. 2018 மார்ச்சில் தெல்தெனிய, திகன, அக்குறணை. நூற்றுக்கணக்கான முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். எங்களில் பலருக்கு அப்போது பள்ளிக்கூட வயது, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த ஊரடங்கு நாட்கள் நன்றாக நினைவிருக்கிறது.

1983க்கும் 2018க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1983இல் யார் வந்தார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதற்குப் பக்கத்து வீட்டாரின் வாய்தான் சாட்சி. 2018இல் சுவரில் இருந்த கெமராக்களும் சாட்சி சொல்லின. திகன வன்முறையில் பொலிஸாருக்கும் அரசியல்வாதிகளுக்கும் பங்கு இருந்தது என்ற குற்றச்சாட்டை ரொய்ட்டர்ஸ் அதே மாதம் வெளியிட்டபோது, கண்டவர்களின் வார்த்தையோடு சிசிடிவி பதிவுகளையும் ஆதாரமாகக் காட்டியது. தாக்கப்பட்டவன் சொன்னால் யாரும் நம்பாத ஒரு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் 'கெமராவைக் கழற்றி வையுங்கள்' என்று இங்கே எந்தக் கடை முதலாளியிடமும் சொல்ல நாங்கள் தயாரில்லை.

ஆனால் அந்தக் கெமரா உங்களுக்கு மட்டும்தான் சாட்சி சொல்கிறதா?

போனில் பார்க்கிற வசதி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கெமராவின் படம் வீட்டில் இருக்கும் பதிவுப்பெட்டிக்குப் போகிறது. பெட்டி ரௌட்டர் வழியாக, அதைச் செய்த நிறுவனத்தின் சேர்வரோடு எப்போதும் தொடர்பில் இருக்கிறது. உங்கள் போனில் உள்ள செயலியும் அதே சேர்வரைத்தான் தட்டுகிறது. நடுவில் காவல் நிற்பது ஒரு பாஸ்வேர்ட். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எத்தனையோ பெட்டிகளில் அது 'அட்மின்', இல்லாவிட்டால் '12345'. எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி கொடுத்து, பூட்டு பத்திரம் என்று சொல்வது மாதிரி.

இந்த ஒரே சாவியைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை 2016இல் 'மிராய்' காட்டியது. ஜப்பானிய மொழியில் 'எதிர்காலம்' என்று அர்த்தம். அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலைப் பெயர்களும் பாஸ்வேர்ட்களும் 60 சோடிக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் கையில் இருந்த பட்டியல். அதை வைத்து உலகம் முழுவதும் கெமரா, பதிவுப்பெட்டி, ரௌட்டர் என்று தட்டித் தட்டிப் பார்த்து, திறந்த பெட்டிகளை எல்லாம் அடிமைப்படுத்தியது. 2016 ஒக்டோபர் 21ஆம் திகதி அந்தப் பெட்டிகள் சேர்ந்து அமெரிக்காவின் டின் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணித்தியாலம் தடுமாறின. மிராயை எழுதியவர்கள் ஏதோ ஒரு நாட்டின் உளவுப்படை இல்லை. 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூன்று பேருக்கும் 20, 21 வயது. மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேர்வர்களை வைத்து நடந்த போட்டியில் தொடங்கிய வேலை. ஒருவர் பல்கலைக்கழக மாணவர். எங்கள் பட்ச்!

இன்னொன்று. மிராய் பெட்டியின் தற்காலிக நினைவகத்தில்தான் குடியிருக்கும். கரண்ட் போனால் அழிந்துவிடும். அப்படிப் பார்த்தால் 2022இல் எங்களுக்கு 13 மணித்தியால மின்வெட்டு தந்தவர்கள் இணையப் பாதுகாப்புக்கும் சேவை செய்திருக்கிறார்கள். என்ன, பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் கரண்ட் வந்த சில நிமிடங்களிலேயே அது திரும்பவும் வந்து ஏறிக்கொள்ளும்.

மிராய்க்கு உங்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதில் அக்கறை இருக்கவில்லை. பெட்டிதான் வேண்டியிருந்தது. உள்ளே பார்க்க வருகிறவர்கள் வேறு ஆட்கள். 2025 பெப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையின் அறைக்குள் இருந்த கெமராப் பதிவுகள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்தது தெரியவந்தது. வைத்தியர் பரிசோதித்துக்கொண்டிருந்த பெண்களின் படங்கள். அங்கேயும் தொழிற்சாலை பாஸ்வேர்ட்தான். பாதுகாப்புக்கு என்று வைத்த கெமரா அது.

'நம்ம வீட்டுல ஒளிக்க என்ன இருக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். இதற்குத்தான் வாக்காளர் இடாப்பைக் கொண்டுவருகிறோம். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. அந்த இடாப்பில் என்ன ரகசியம் இருந்தது? பெயரும் விலாசமும்தான். வாக்குப் போடுவதற்காக நாங்களே விரும்பிக் கொடுத்த விபரம். தகவல் ஆபத்தானதா இல்லையா என்பது அது யாருடைய கையில், எந்த நாளில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வாசல் கெமராவில் பெயரும் விலாசமும் மட்டும் இல்லை. எத்தனை மணிக்கு யார் வெளியே போகிறார்கள், எந்த நேரம் வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை யார் எங்கே தொழப் போகிறார்கள் எல்லாம் இருக்கிறது.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 10க்கு 12 அடி லயக் காம்பராவில் வாழ்ந்தவர்களின் வீடு அவர்களுடைய சொந்த இடமாக இருந்ததே இல்லை. காலையில் பெரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். லயத்துக்கு யார் வந்து போனார்கள் என்பது கங்காணி வழியாகத் துரைக்குப் போகும். சங்கம் சேர்க்க வந்தவர்கள் 'அத்துமீறி நுழைந்தவர்கள்' ஆனார்கள். இன்று பேராதனையைச் சுற்றி எங்கள் தோழிகள் தங்கும் போடிங் ஒன்றின் நடைபாதையில் கெமரா இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதை வீட்டுக்காரர் போனிலேயே பார்த்து, அடுத்த நாள் காலையில் கேள்வி கேட்கிறார். 'பிள்ளைகளின் பாதுகாப்புக்காக' என்கிறார். இந்த வார்த்தையைக் கங்காணியும் சொல்லியிருப்பார்.

சட்டம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியப் பகுதிகள் தள்ளிப்போயின. வந்தாலும், ஒரு தனிநபர் முழுக்க வீட்டுத் தேவைக்காகச் செய்யும் பதிவுகளுக்கு அது பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. அதாவது கடைக் கெமராவுக்கு ஒரு நியாயம், உங்கள் வாசலைப் பார்க்கும் பக்கத்து வீட்டுக் கெமராவுக்கு வேறு நியாயம். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் போட்டு விற்பதே குற்றம். குற்றம் வாங்கியவனுடையது இல்லை, விற்றவனுடையது என்று பார்க்கிற அந்தப் பார்வை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அதுவரைக்கும் என்ன செய்வது? சாட்சி சொல்வதற்குக் கெமராவுக்கு இணையம் தேவையில்லை. பதிவுப்பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் போதும். கடைக்காரர்கள் பலருக்கு நெட் வயரைக் கழற்றிவிட்டாலே வேலை முடிந்தது. வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பவர்கள் பாஸ்வேர்டை மாற்றுங்கள், நிறுவனம் தரும் மென்பொருள் திருத்தங்களைப் போடுங்கள். 2021இல் ஹிக்விஷன் கெமராக்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகக்கூடிய ஓட்டை ஒன்று வெளிவந்தது. நிறுவனம் திருத்தம் கொடுத்தது, ஆனால் அதைப் போடாத பெட்டிக்கு அது போய்ச் சேராது. படுக்கையறைக்குள் கெமரா வேண்டவே வேண்டாம். பொருத்திக் கொடுத்தவர் பரிசோதிப்பதற்காகத் தன் போனிலும் உங்கள் வீட்டைச் சேர்த்திருப்பார். அவரைக் கூப்பிட்டு, உங்கள் முன்னாலேயே அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.