மகேந்திரவர்மன் காலத்து இரு நாய்கள்

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் கோயிலையும் பட்டையும் விட்டுவிட்டு நாயைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துச் சான்றுகள் இரண்டில் நாய் வருகிறது. ஒன்று, அரசனே இயற்றிய வடமொழி நாடகம்; மற்றொன்று, ஒரு சிற்றூரில் எழுப்பப்பெற்ற நடுகல்.

நாடகத்தின் பெயர் மத்தவிலாசப் பிரகசனம். காஞ்சிக்கு அணித்தேயுள்ள மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் இப்பெயர் காணப்படுகிறது. நூல் அச்சேறியது 1917-இல், திருவனந்தபுரத்தில், கணபதி சாஸ்திரியாரின் முயற்சியால். கதை நடப்பது காஞ்சி மாநகர வீதிகளில். சத்தியசோமன் என்னும் காபாலிகன் தன் துணைவி தேவசோமாவுடன் மதுவருந்தித் திரிகையில், பிச்சையேற்கும் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். அதில் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாகவோ பௌத்தத் துறவியாகவோதான் இருக்க வேண்டும் என்பது அவன் துணிபு! எதிர்ப்பட்டவர் நாகசேனர் என்னும் பிக்கு. பழி அவர்மீது விழுகிறது. வாதம் முற்றுகிறது, பாசுபதர் ஒருவர் நடுவராகிறார், வழக்கு மன்றம் செல்லலாமா என்பதுவரை பேச்சு வளர்கிறது. இறுதியில் பித்தன் ஒருவன் கபாலத்துடன் வருகிறான். நாயிடமிருந்து அவன் கைப்பற்றியது அது.

அரசன் எள்ளியது சமயவாதிகளை, நாயை அன்று. நாய் அங்கே செய்தது தன் இயல்பு. மனிதர்க்கு அக்கலம் விரதச் சின்னம். நாய்க்கோ அது இறைச்சியின் மணம். ஒரே பொருள் இரண்டு உலகங்களில் இரண்டாக இருக்கிறது.

இன்றைய உயிரியல் இதனை விரித்துரைக்கிறது. மனித மூக்கில் மணமறியும் உணர்வணுக்கள் ஐம்பது, அறுபது இலட்சம் அளவில் உள்ளன. நாய்க்கு, இனத்திற்கேற்ப வேறுபடினும், இருபது கோடிக்கும் மேல் உண்டு. மூக்கின் ஓரப்பிளவு வழியே மூச்சை வெளியேற்றுவதால், முன்னிருந்து வரும் மணம் கலைவதில்லை. செவியும் அவ்வாறே. நமது கேள்வி நொடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிட, நாய் ஏறத்தாழ 45,000 வரை கேட்கிறது. கண்ணில் மட்டும் நாம் செல்வர். நீலமும் மஞ்சளும் நாய்க்குத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய இயலாது. அரக்குச் சிவப்பு உடலுக்குப் பச்சைக் கரையைக் கோர்வையிட்டுக் காஞ்சி நெசவாளர் கண் நோக நெய்யும் சேலை, தறிவீட்டு வாயிலில் படுத்திருக்கும் நாய்க்கு ஏறக்குறைய ஒரே மங்கல் நிறம்தான். ஆனால் அதைத் தொட்ட கைகள் யாருடையவை என்பதை அது அறியும். வாங்கிச் செல்வோர் அறியார்.

வாலாட்டம் எல்லாம் ஒன்றெனக் கருதுவதும் பிழையே. தன்னை வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்புறம் மிகுதியாகவும், அறிமுகமற்ற வலிய நாயைக் கண்டபோது இடப்புறம் மிகுதியாகவும் அசைவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டு வெளியிட்டனர்.

இனி நடுகல்லுக்கு வருவோம். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்தது அது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்டான். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியைத் தனியே பொறித்திருக்கின்றனர். இரவில் வந்தவன் ஊரானா அயலானா என்பதை அந்த நாய் அறிந்தது மூக்காலும் செவியாலும்தான் என்பதை நாம் ஊகிப்பதில் தவறில்லை. அதன் குரைப்பின் பொருளை எருமை மேய்த்த அம்மக்கள் நன்கறிந்திருந்தனர். இல்லையேல் கல்லில் இடமளித்திருப்பரா?

இரு நூற்றாண்டுகளின்பின், பஸராவில் 869-ஐ ஒட்டி மறைந்த அல்ஜாஹிஸ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் நாயின் கட்சிக்கும் சேவலின் கட்சிக்கும் நீண்ட வழக்காடலை அமைத்தார். நாயின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை. பக்தாதின் இப்னுல் மர்ஸுபானோ, ஆடையணிந்தோர் பலரினும் நாய்களே மேல் என்னும் கருத்தைத் தலைப்பாகவே வைத்து ஒரு நூல் தந்தார்.

இவற்றையெல்லாம் நம்மவர் மறந்ததேன்? நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். நாய் முழுவதும் நஜீஸ் என்பது ஷாபிஈ மத்ஹபு. எச்சிலே அசுத்தம் என்பது ஹனபிகளிடம் வலுப்பெற்ற கருத்து. உயிருள்ள நாய் தூய்மையானதே என்பர் மாலிகிகள். இவை தூய்மை பற்றிய சட்டங்கள். தெருநாயைக் கண்டதும் கல்லெடுக்கும் நம் சிறுவர்க்கு எந்த மத்ஹபு ஆதாரம்? தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலணியில் நீர் முகந்து கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அம்மனிதர் நாயின் நாவைப் பார்த்து அதன் மொழியை உணர்ந்தார். தமக்கு முன்னர் ஏற்பட்ட தாகமே அவருக்கு அகராதியாயிற்று.

குகைவாசிகளின் வாயிலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை அருள்மறையின் கஹ்பு அத்தியாயம் குறிப்பிடுகிறது, பெயர் கூறவில்லை. கித்மீர் என்பது பின்வந்த விரிவுரையாளர் வழங்கிய பெயர். காஞ்சி நாடகத்து நாய்க்கும் பெயரில்லை. எடுத்தனூர்க் கல்லில் மட்டும் வீரனின் பெயரோடு நாயின் பெயரும் உளியால் வெட்டப்பட்டிருக்கிறது: கோவிவன்.