விலகியவரின் கமிஷன்: சட்டம் வளர்ந்த வழி

விற்பனை ஊழியர் வேலையை விட்டபின் அவருக்குச் சேரவேண்டிய கமிஷன் குறித்து எழும் தகராறுகளுக்கு மூலகாரணம், விற்பனை ஒரே நாளில் முடியாததுதான். ஒரு மாதம் ஆர்டர் கிடைக்கும், அடுத்த மாதம் சரக்கு போகும், பணம் வசூலாக மேலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆர்டர் பிடித்தவர் இடையில் விலகினால், கமிஷன் எந்தக் கட்டத்தில் அவருக்கு உரியதாயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியச் சட்டம் இதற்கு ஒரே விடை தரவில்லை. முகவருக்கு ஒரு வழியும் தொழிலாளிக்கு இன்னொரு வழியுமாக அது வளர்ந்தது. சம்பளமும் கமிஷனும் சேர்த்து வாங்கும் ஊழியர் நெடுங்காலம் இரண்டுக்கும் நடுவே நின்றார்.

முதல் வழி 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களின் ஏஜென்சி வணிக நிறுவனங்கள் பிறர் சரக்கை வாங்கி விற்றுக் கொடுத்துக் கமிஷன் பெற்ற காலத்தில் பிறந்த சட்டம் அது. அதன் 219-ஆம் பிரிவு, தனி ஒப்பந்தம் ஏதும் இல்லாதபோது, ஒப்படைத்த செயல் முடிந்த பிறகே முகவருக்குக் கூலி உரியதாகும் என்கிறது. காலம் குறித்துச் செய்த ஏஜென்சியைத் தக்க காரணமின்றி நடுவில் முறிப்பவர், முகவரானாலும் முதலாளியானாலும், மற்றவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது 205-ஆம் பிரிவு. முடிந்த வேலைக்குரிய கமிஷன் விலகியவருக்கும் உண்டு என்பது இவற்றிலிருந்து பெறப்படும். ஆனால் 'தனி ஒப்பந்தம் இல்லாதபோது' என்ற நிபந்தனை முதலாளிகளுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. விலகினால் பாக்கிக் கமிஷன் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள முடிந்தது.

இரண்டாம் வழி 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். முதலாளி வேலையை விட்டு நீக்கினால், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் சம்பள பாக்கியைத் தீர்க்கவேண்டும் என்று அது விதித்தது. விற்பனையாளருக்கு இதனால் பெரும் பயன் விளையவில்லை. தொடக்கத்தில் அது மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் பெற்ற ஆலைத் தொழிலாளர்களுக்கும் ரயில்வே தொழிலாளர்களுக்கும் உரியதாகவே இருந்தது. மேலும், இரண்டு நாள் கெடு முதலாளி நீக்கியவருக்குத்தான். தானாக விலகியவரைப் பற்றி அந்த விதி பேசவில்லை.

விலகியவரின் கமிஷனைச் சட்டம் முதலில் நேரடியாகக் காத்தது ஆயுள் காப்பீட்டில்தான். பாலிசி எடுக்க வைப்பதில்தான் முகவரின் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. பிரீமியமோ பதினைந்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து வரும். ஒவ்வொரு பிரீமியத்திலும் முகவருக்கு ஒரு பங்கு புதுப்பிப்புக் கமிஷனாகக் கிடைக்கும். முகவர் விலகியதும் அதை நிறுத்திவிடும் ஒப்பந்தங்கள் இருந்தன. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இவற்றை நோக்கியே எழுதப்பட்டது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், மோசடி தவிர்த்து, விலகியதை மட்டும் காரணம் காட்டிப் புதுப்பிப்புக் கமிஷனை மறுக்கக்கூடாது என்றது அது.

பாதுகாப்பு நிபந்தனையோடுதான் வந்தது. திருத்தங்களுக்குப் பிந்தைய வடிவத்தில் இரண்டு மாற்றுத் தகுதிகள் இருந்தன. ஒன்று, குறைந்தது 5 ஆண்டுகள் அந்த ஒரே நிறுவனத்துக்குத் தொடர்ந்து உழைத்திருக்க வேண்டும், விலகுவதற்கு ஓராண்டு முன் அவர் சேர்த்த பாலிசிகள் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் நடப்பில் இருந்திருக்க வேண்டும். இவருக்குரிய கமிஷன் 4 சதவீதத்தைத் தாண்டாது. மற்றொன்று, 10 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றி, விலகியபின் வேறு நிறுவனத்துக்கு வணிகம் சேர்க்காதிருக்க வேண்டும். முகவர் இறந்தாலும் கமிஷன் அவர் வாரிசுகளுக்குச் செல்லும். 1956-இல் 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் இணைத்து எல்.ஐ.சி. உருவானபோது, வாரிசுக் கமிஷன் என்ற இந்த ஏற்பாடு அதன் முகவர்களிடமும் தொடர்ந்தது.

மற்றத் துறைகளின் விற்பனையாளருக்கு இந்த அளவுகூட வாய்க்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி 'தொழிலாளி' ஆனால், பாக்கித் தொகையைக் கணக்கிட்டுத் தருமாறு தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக முடிந்தது. ஆகாவிட்டால் சிவில் வழக்குத்தான், அதற்குரிய நீதிமன்றக் கட்டணத்தோடு. மே அண்ட் பேக்கர் நிறுவனத்தின் வழக்கில், மருந்துப் பிரதிநிதி தொழிலாளி அல்லர் என்றது உச்சநீதிமன்றம். அவர் பணி விற்பனைக்கு ஆள் பிடிப்பது, உடலுழைப்போ எழுத்தர் வேலையோ அன்று என்பது அதன் காரணம்.

மருந்துப் பிரதிநிதிகளின் சங்கங்கள் நாடாளுமன்றம்வரை சென்றன. அதன் விளைவாக 1976-இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம் மருந்துத் துறைக்கு வந்தது. பணி நியமனக் கடிதம், விடுப்பு ஆகியவற்றோடு தொழில் தகராறுகள் சட்டத்தின் பாதுகாப்பையும் அது அவர்களுக்குத் தந்தது. ஆனால் கமிஷன் சேராமல் மாதம் 750 ரூபாய், கமிஷன் சேர்த்து ஆண்டுக்கு 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்ததால், நன்றாக விற்றவரே சட்டத்துக்கு வெளியே போகும் நிலை இருந்தது. 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் சாதாரண ஊழியருக்கு இந்த வரம்பை நீக்கியது. 1994-இல் சாண்டோஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பொதுச் சட்டப்படி இவர்கள் தொழிலாளிகள் அல்லர் என்று உறுதி செய்தது. அவர்களுக்குப் பற்றுக்கோடாக எஞ்சியது 1976-ஆம் ஆண்டின் தனிச்சட்டம்தான்.

கமிஷன் சம்பளமா இல்லையா என்பதிலும் சட்டங்கள் ஒத்துப்போகவில்லை. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் கமிஷனைக் கணக்கில் சேர்க்கவில்லை. கெஸ்டெட்னர் டூப்ளிகேட்டர்ஸ் வழக்கில், மாதச் சம்பளத்தோடு விற்பனைத் தொகையில் நிலையான சதவீதமாகத் தரப்படும் கமிஷனும் வருமான வரிச் சட்டத்தின் வைப்புநிதி விதிகளுக்குச் சம்பளமே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே தொகை ஒரு சட்டத்தில் சம்பளமாகவும் மற்றொன்றில் அல்லாததாகவும் ஆயிற்று.

இன்றைய தகராறுகள் பெரும்பாலும் இறுதிக் கணக்குத் தீர்க்கும்போது எழுகின்றன. பணம் வசூலான பின்னரே கமிஷன், இன்சென்டிவ் வழங்கும் நாளில் பணியில் இருப்பவருக்கு மட்டுமே உரிமை, வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பினால் கொடுத்த கமிஷனைப் பிடித்துக்கொள்ளலாம் என்பவை ஒப்பந்தங்களில் வழக்கமாகக் காணும் வாசகங்கள். பாக்கியை ஒப்புக்கொள்ளும் முதலாளியிடமிருந்து அதை வாங்குவது எளிது. உரிமையே இல்லை என்று மறுப்பவரிடம் முதலில் உரிமையை நிறுவ வேண்டும். கணக்கிட்டுத் தரும் தொழிலாளர் நீதிமன்ற நடைமுறை ஏற்கெனவே உள்ள உரிமைக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. தானாக விலகியவருக்கும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்று அது விதிக்கிறது. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் விட்ட இடைவெளி இதனால் அடைபட்டது. ஆனால் அதே தொகுப்பு 'ஊதியம்' என்பதன் வரையறையிலிருந்து கமிஷனை விலக்குகிறது. கமிஷன் முதலிய விலக்கப்பட்ட தொகைகள் மொத்த வருவாயில் பாதிக்கு மேல் போனால், மிகுதி மட்டும் ஊதியமாகக் கொள்ளப்படும். எனவே விலகியவரின் சம்பளத்துக்குக் கெடு உண்டு, கமிஷனுக்கோ நியமனக் கடிதத்தின் வாசகமே இன்னமும் அடிப்படை. இத்தொகுப்பின்கீழ் கோரிக்கை வைக்கவும், பொதுவான காலவரம்புச் சட்டப்படி சிவில் வழக்குத் தொடரவும் உள்ள காலம் மூன்று ஆண்டுகள்.