ஒப்பிடத்தக்க ஊதியம்: இக்காஸ்டில் ஓர் உதவியாளரின் மணிக்கூலி

டென்மார்க்கின் நடு யூலாந்தில் உள்ள இக்காஸ்ட், நெசவாலும் பின்னலாடையாலும் வளர்ந்த ஊர். 2007 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த உள்ளாட்சிச் சீர்திருத்தம் அதைப் பிராண்டே, நோர்ரெ-ஸ்னேதே ஆகிய ஊர்களோடு சேர்த்து ஒரே கொம்யூன் ஆக்கியது. சுமார் 40 ஆயிரம் பேர் வாழும் இந்த நகராட்சி தமிழர்களுக்கு அந்நியமானதன்று. பிராண்டேயின் அபிராமி அம்மன் கோயில் இதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1980களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் யூலாந்தின் இத்தகைய சிற்றூர்களில்தான் குடியேறினார்கள். அவர்களில் பலர் இன்று பராமரிப்புத் துறையில் வேலை செய்கிறார்கள்.

இவ்வூரில் தசைச்சிதைவு நோயுள்ள ஒருவரை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, வேலையிடத்துக்கு உடன் சென்று, இரவில் பக்கத்து அறையில் காத்திருப்பவருக்கு மணிக்கு எவ்வளவு கூலி என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? டென்மார்க்கில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிமார் அமைப்பும் மேசையில் அமர்ந்து பேசி முடிப்பதே ஊதியம் என்பது அந்நாட்டின் பெருமை. உதவியாளர் விஷயத்தில் அந்தப் பெருமை பாதிதான் உண்மை என்பது என் வாதம். பணம் தருபவர் ஒருவரும் முதலாளி வேறொருவருமாகப் பிரியும்போது கூலியின் உச்சவரம்பு நகராட்சி அலுவலகத்தின் கணக்குத்தாளில் முடிவாகிறது. அந்தத் தாளில் 'ஒப்பிடத்தக்க பணியாளர்' என்று யாரை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தே மற்ற எண்கள் அமைகின்றன.

நகராட்சியே நேரடியாக வேலைக்கு வைத்திருப்பவர்களின் நிலை தெளிவானது. இல்லங்களிலும் பகல்நேர மையங்களிலும் பணியாற்றும் பராமரிப்பு உதவியாளர்களுக்காக ஃபோவா போன்ற தொழிற்சங்கங்கள், நகராட்சிகளின் நாடு தழுவிய கூட்டமைப்போடு ஒப்பந்தம் செய்கின்றன. வாரம் 37 மணி நேரம், ஊதியப் படியில் ஓர் அடிப்படை இடம், மாலைக்கும் இரவுக்கும் வார இறுதிக்கும் தனிப்படி, ஓய்வூதியப் பங்களிப்பு ஆகியவை அதில் அடங்கும். பொறுப்புக்கும் தகுதிக்கும் உள்ளூரிலேயே பேசிக் கூட்டிக்கொள்ளும் முறை 1998 முதல் உண்டு. 2024இன் ஒப்பந்தம் ஈராண்டுகளுக்கு மொத்தம் 8.8 சதவீத உயர்வைத் தந்தது. தனியார் துறை ஊதியத்தோடு பொதுத்துறை ஊதியத்தை இணைக்கும் ஒழுங்குமுறையும் இருக்கிறது.

சதவீதத்தில் உயர்த்தும் எந்த முறையும் பழைய இடைவெளியைக் காப்பாற்றிக்கொண்டே உயர்த்தும். 1969இன் அரசு ஊழியர் சீர்திருத்தம் தொழில்களைப் படிநிலைகளாக அடுக்கியபோது பெண்கள் மிகுந்த தொழில்கள் கீழே வைக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு இன்றும் அடங்கவில்லை. 2021இல் செவிலியர் வேலைநிறுத்தம் நாடாளுமன்றச் சட்டத்தால் முடித்துவைக்கப்பட்ட பிறகு, ஊதியக் கட்டமைப்பை ஆராயும் குழு அமர்த்தப்பட்டது. அதன் அறிக்கை 2023இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அரசும் பொதுத்துறை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்த முத்தரப்பு உடன்பாடு, பராமரிப்புத் தொழிலாளர் உள்ளிட்ட சில பிரிவினரின் ஊதியத்துக்கும் பணிச்சூழலுக்கும் 680 கோடி குரோனரை ஒதுக்கியது. ஆண்டாண்டுக் காலச் சதவீத உயர்வுகளால் சரியாகாததைச் சரிசெய்ய மேசைக்கு வெளியிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது. அந்தப் பணம் பொதுத்துறை ஊழியருக்கானது. நான் பேசும் உதவியாளர் பொதுத்துறை ஊழியர் அல்லர்.

அவர் ஏன் அல்லர் என்பதற்கு ஒரு விடுதலைக் கதை உண்டு. 1971இல் தொடங்கப்பட்ட தசைச்சிதைவு நோயாளர் சங்கத்தின் இளைஞர்கள், முதியோர் இல்லத்தில் அடைபட்டு வாழ மறுத்தார்கள். தமக்கு வேண்டிய உதவியாளரைத் தாமே தேர்ந்து, தாமே பழக்கி, தாமே வேலை வாங்கும் உரிமையைக் கேட்டார்கள். ஓர்ஹூஸ் நகரில் அது நடைமுறையானது. 1987இல் நாட்டுச் சட்டத்தில் ஏறியது. 2009 முதல் 'பிபிஏ' (குடிமகரே நடத்தும் தனியாள் உதவி) என்ற பெயரில் விரிவடைந்தது. சமூக சேவைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு இதற்கானது. உதவி பெறும் குடிமகரே வேலையை நடத்துபவர். முதலாளிப் பொறுப்பை அவரே வைத்துக்கொள்ளலாம். உறவினருக்கோ ஒரு சங்கத்துக்கோ தனியார் நிறுவனத்துக்கோ மாற்றியும் கொடுக்கலாம். டென்மார்க் 2009இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் விதி கேட்பதும் இத்தகைய வாழ்வைத்தான். இதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் பணம் நகராட்சியினுடையது. எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று பெருக்கி ஒரு தொகையை அது ஒதுக்குகிறது. விடுமுறை ஊதியம், ஓய்வூதியம், நோய்க்கால ஊதியம், காப்பீடு, பயிற்சிச் செலவு எல்லாம் அதில் சேரும். மிஞ்சினால் திருப்பித் தர வேண்டும். சில நிறுவனங்களும் சங்கங்களும் தொழிற்சங்கங்களோடு கூட்டு ஒப்பந்தம் செய்துள்ளன. தனி மனிதராக முதலாளியாக இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தம் இருந்தாலும் ஒதுக்கீட்டுக்கு மேல் கொடுக்க முதலாளியிடம் வேறு காசு கிடையாது. மேசையின் ஒரு பக்கம் உதவியாளர் இருக்கிறார். மறுபக்கம் இருப்பவரால் 'சரி' என்று சொல்ல இயலாது. சொல்லக்கூடியவர் அறையிலேயே இல்லை.

ஒதுக்கீட்டின் ஊதிய விகிதத்தை ஒப்பிடத்தக்க பணியாளர் பிரிவின் ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டே கணிக்க வேண்டும் என்பது விதி. சிறப்புத் திறன் தேவைப்பட்டால் கூட்டலாம். கேட்க நியாயமாகத் தோன்றும் இவ்விதியில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. ஒப்பீட்டுக்குச் சான்றிதழை எடுத்தால் உதவியாளர் பயிற்சி பெறாதவர், அடிப்படிக்குப் போவார். செய்யும் வேலையை எடுத்தால் கதை மாறும். நாற்காலியிலிருந்து ஓர் உடலைத் தூக்குகிறார். சளியை உறிஞ்சி எடுக்கும் கருவியைக் கையாள்கிறார். குடிமகரின் மருத்துவ, பண, குடும்ப இரகசியங்களுக்கு நடுவில் நாளெல்லாம் நின்று தன் கருத்தை வாய்க்குள் அடக்குகிறார். ஏதேனும் தவறினால் அழைக்கப் பக்கத்தில் சக ஊழியர் இல்லை. இவற்றில் எதுவும் சான்றிதழில் வராது.

மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் வெற்றியே உதவியாளரின் கூலியைக் கட்டிப்போட்டது என்பதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உதவியாளர் மருத்துவப் படிப்பாளியாக இருக்க வேண்டாம், என் கையும் காலுமாக இருந்தால் போதும், நான் பழக்கிக்கொள்கிறேன் என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டது, வெள்ளை அங்கி மருத்துவர்களின் அதிகாரத்துக்கு எதிராக. கணக்காளர் அந்தக் கோரிக்கையை வேறுவிதமாக வாசித்தார்: படிப்பு வேண்டாமென்றால் திறனும் வேண்டாம், திறன் வேண்டாமென்றால் காசும் வேண்டாம். முதலாவது விடுதலை. இரண்டாவது அதிலிருந்து தர்க்கப்படி பிறப்பதன்று.

காத்திருப்பு நேரம் இன்னொரு கண்ணி. இரவில் உதவியாளர் வீட்டிலேயே இருக்கிறார், கூப்பிட்டால்தான் வேலை. இந்த மணிகளுக்குக் குறைந்த விகிதம் கொடுப்பது வழக்கம். ஐரோப்பிய நீதிமன்றம் 2003இன் யேகர் வழக்கில், பணியிடத்தில் காத்திருக்கும் நேரம் வேலை நேரமே என்றது. அதற்கான ஊதிய அளவோ நாடுகளின் பொறுப்பிலேயே இருக்கிறது. பிரிட்டனின் உச்சநீதிமன்றம் 2021இல் மென்காப் வழக்கில், உறங்கும் பணிநேரம் முழுவதும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேராது, விழித்து வேலை செய்த நேரம்தான் சேரும் என்று தீர்ப்பளித்தது. மூச்சுக்கருவியோடு வாழ்பவர் வீட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது: அங்கே பிராந்திய மருத்துவ நிர்வாகமும் நகராட்சியும் செலவைப் பங்கிடுகின்றன. விழித்திருப்பவர் ஒருவரே, பணம் தருபவர்கள் இருவர்.

இதே வேலையைக் குடும்பத்தார் செய்தால் என்ன ஆகிறது என்று பார்த்தால் விலை கணிக்கும் முறையின் தடுமாற்றம் பளிச்செனத் தெரியும். 18 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு, முன்பு சமூக சேவைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படியும் 2024 முதல் குழந்தைகள் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படியும், இழந்த வருமானம் ஈடுசெய்யப்படுகிறது. 2011 முதல் அதற்கு உச்சவரம்பு உண்டு. அங்கே விலை அவர் முன்பு பார்த்த வேலையினுடையது. துப்புரவுப் பணி செய்த தாய்க்கு ஒரு தொகை, பொறியாளரான தாய்க்கு இன்னொரு தொகை. குழந்தைக்குச் செய்யும் வேலை இருவருக்கும் ஒன்றே. நெருங்கிய உறவினரைப் பார்த்துக்கொள்ள வேலையிலிருந்து விடுப்பெடுப்பவரை சமூக சேவைச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை நகராட்சியே பணியமர்த்தும். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதத்தொகை. 96ஆம் பிரிவிலோ 'ஒப்பிடத்தக்க' பிறரின் ஊதியம். ஒரே வீடு, ஒரே கட்டில். எந்தப் பிரிவின் வழியாக நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று விலை. இவற்றில் ஒன்றுகூட வேலையையே எடுத்து எடைபோட்ட விலை இல்லை.

முறையீட்டு உரிமையும் இதோடு சேர்ந்தது. ஒதுக்கீடு போதவில்லை என்றால் குடிமகர் நான்கு வாரத்துக்குள் முறையிடலாம். நாட்டின் மேல்முறையீட்டு வாரியம் வரை போகலாம். உதவியாளர் அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்லர். தன் கூலியின் வரம்பு விவாதிக்கப்படும் ஒரே சட்ட அரங்கில் அவருக்கு இருக்கை இல்லை.

வேலையையே எடைபோட முடியும் என்பதற்கு நியூசிலாந்து சான்று. முதியோர் இல்லப் பணியாளர் கிறிஸ்டின் பார்ட்லெட் தொடுத்த வழக்கில், பெண்கள் மிகுந்த தொழிலின் ஊதியத்தை வேறு தொழில்களோடும் ஒப்பிடலாம் என 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. பேச்சுவார்த்தையில் சிறைக் காவலரின் வேலையோடும் ஒப்பிட்டார்கள். 2017இல் சட்டமான தீர்வு மாற்றுத்திறனாளி உதவியாளரையும் சேர்த்துச் சுமார் 55 ஆயிரம் பேருக்கு 15 முதல் 50 சதவீதம் வரை உயர்வு தந்தது. பணம் தரும் அரசே மேசையில் அமர்ந்ததால்தான் அது நடந்தது. 2025 மே மாதம் அதே நாட்டின் நாடாளுமன்றம் அவசரச் சட்டத்திருத்தத்தால் நிலுவையிலிருந்த 33 ஊதியச் சமன்மைக் கோரிக்கைகளை ஒரே அடியில் நிறுத்தியது. முறை பிழையென்று யாரும் நிறுவவில்லை. செலவு மிகுதி என்றார்கள்.

செலவைப் பற்றிய மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. கூலி உயர்ந்தால் நகராட்சி மணிநேரத்தைக் குறைக்கும், இழப்பு மாற்றுத்திறனாளிக்கே. 2007க்குப் பிறகு சமூகச் செலவின் பெரும்பொறுப்பு இக்காஸ்ட்-பிராண்டே போன்ற நகராட்சிகளின் தலையில் விழுந்தது. மிகச் செலவுள்ள தனிநபர்களுக்கு மட்டுமே அரசு ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. அதனால்தான் விகிதத்தையும் மணிநேரத்தையும் ஒரே கையில் விடக் கூடாது என்கிறேன். மணிநேரம் ஒருவரின் தேவையைப் பொறுத்தது. அதை நகராட்சி ஆராயட்டும். விகிதம் தொழிலைப் பொறுத்தது. அதை நகராட்சிகளின் கூட்டமைப்பும் தொழிற்சங்கங்களும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் நாட்டளவில் பேசி முடிக்கட்டும். முடிந்த விகிதத்துக்கு ஏற்ற ஒதுக்கீடு எல்லா நகராட்சிக்கும் கட்டாயமாகட்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் எழுதப்படாத தாளில் இருக்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தை 24ஆம் பிரிவில் சொல்கிறது. அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு. கடும் பாதிப்புடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ₹2,000. இது வாழ்வாதார உதவி; யாருடைய கூலியும் அன்று. நாளை உதவியாளரின் உழைப்புக்கென ஒரு தொகை வகுக்கப்படும்போது, அதை எந்தத் தொழிலோடு ஒப்பிட்டுக் கணித்தார்கள் என்பதையும், இரவு மணிகளை எப்படி எண்ணினார்கள் என்பதையும், அதை எதிர்த்து முறையிட உதவியாளருக்கு உரிமை உண்டா என்பதையும் அரசாணையிலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.