ஈயம் பூசிய காலம்

நம் அடுக்களைகளில் பித்தளையும் தாமிரமும் நிறைந்திருந்த காலத்தில், புளியோ மோரோ நெடுநேரம் தங்கினால் அவ்வுலோகங்கள் களிம்பேறி உணவை விஷமாக்கிவிடும் என்பதை அநுபவத்தால் அறிந்திருந்த நம் முன்னோர், பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயத்தை மெல்லிய கவசம்போல் படியச் செய்யும் கைத்தொழிலை ஆதரித்து வந்தனர்.

தெருவோரத்தில் சிறு குழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தியால் ஊதி, நன்கு துலக்கிய பாத்திரத்தை அக்கனலின்மேல் இடுக்கியால் பிடித்துச் சுழற்றி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெண்புகை எழும் அந்தக் கணத்திலேயே ஈயத்தை உள்ளே தேய்த்துப் பழந்துணியால் பரப்பிவிடும் அத்தொழிலாளியின் லாகவத்தைக் கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகுமாதலின், அக்கரிநெருப்பே அதற்குப் போதுமானதாயிற்று. பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசினர். நசுங்கினால் கன்னாரிடம் கொடுத்து நிமிர்த்தினர். முற்றும் பழுதுற்றதையும் எடைக்கு இட்டுப் புதியது வாங்கினர். பாட்டியின் தவலை பேத்திக்கு ஸ்திரீதனமாகச் சென்றது இவ்வாறுதான்.

1913-இல் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத உருக்கின் வழிவந்த எவர்சில்வர் பரவியதும் இத்தொழில் நலிந்தது. எவர்சில்வரும் தலைமுறை கடந்து உழைப்பதே. அதைக் குறைகூறுவது நியாயமன்று. பூச்சு உரிந்ததும் எறியப்படும் ஒட்டாச் சட்டிகளும் பிளாஸ்டிக்குமே உண்மையான நஷ்டம்.

உங்கள் பரணில் பித்தளைப் பாத்திரம் கிடக்குமாயின், அதை விற்றுவிடாமல், ஈயம் பூசுவோரைத் தேடிக் கொடுங்கள். பூசுவது காரீயம் கலவாத சுத்த வெள்ளீயந்தானா என்பதையும் கேட்டுத் தெளியுங்கள்.