குருமாணவர் காணிக்கை

குருத்துவப் பயிற்சி பெறுவோரின் படிப்புக்கும் உணவுக்கும் உறைவிடத்துக்கும் கத்தோலிக்கப் பங்கு மக்கள் நன்றியாகத் தரும் உதவி. காவிரிப் படுகையிலுள்ள சுவாமிமலை வட்டாரம் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மறைமாவட்டம் 1899 செப்டம்பர் 1 அன்று புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது.

காவிரிப் படுகைப் பங்குகளில் நன்றி என்றாலே நெல்தான் முன்னே வரும். அறுவடை முடிந்ததும் புது நெல், தேங்காய், வாழைத்தார் ஆகியவை காணிக்கைப் பவனியில் பீடத்துக்கு வரும். திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். ஒரு சீப்புப் பழம் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குப் போகும். கொடுப்பதில் ஊருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

குருமாணவர்க்குத் தரும் இவ்வுதவியின் உலகளாவிய வடிவம் திருத்தூதர் புனித பேதுரு சபை. பிரான்சின் கான் நகரில் 1889இல் இதை ஸ்தெபனி பிகாரும் மகள் ழான் பிகாரும் தொடங்கினர். பணமில்லாமல் மாணவர்களைத் திருப்பி அனுப்ப நேர்வதாக நாகசாகி ஆயர் கூசேன் எழுதிய கடிதமே தூண்டுதல். 1922இல் இது பாப்பிறைச் சபையாயிற்று. அதற்கு முன்பே, 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இந்தியாவுக்கெனக் கண்டியில் குருமடம் நிறுவியபோது ஐரோப்பியக் கத்தோலிக்கரிடம் பொருளுதவி வேண்டினார். அக்குருமடம் 1955இல் புனேக்கு மாறியது.

தத்துவமும் இறையியலும் சேர்த்து ஆறு முழு ஆண்டுகளேனும் பயில வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அத்தனை ஆண்டும் சோறு போடுவது இந்தக் காணிக்கைதான். அது போதாதபோது மறைமாவட்டத்தில் குருமட வரி விதிக்கவும் ஆயருக்கு அதே சட்டம் இடமளிக்கிறது.